அந்தச் செருப்பு பழசானதால் கழன்று விழவில்லை

திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 46 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம். விடியற்காலை 4 மணிக்குத் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு இறங்கினால், 8 மணி வரை குனிந்த இடுப்பு நிமிராமல் மொட்டுப் பறிக்க வேண்டும். கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். 5 மாதங்களுக்கு முன்பு இடுப்பு வலி தொடங்கியது. உள்ளூரில் ஊசி போட்டார்கள். சுளுக்கு வழிப்பவர் எண்ணெய் தடவி நீவிவிட்டார். வலி அடங்குவதும் திரும்புவதுமாக இருந்தது. கடந்த 2 மாதங்களாக அது இடது புட்டத்திலிருந்து தொடையின் வெளிப்புறமாகக் கெண்டைக்கால் வரை இறங்குகிறது. பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகிறது. மதுரைக்கு வந்து காட்டினால் ஒரு நாள் பறிப்பு கெடும், துணைக்கும் ஆள் வேண்டும். அதனால் மகன் கைபேசிச் செயலி ஒன்றின் மூலம் அடுத்தடுத்து மூன்று மருத்துவர்களிடம் ஆலோசனை பெற்றிருக்கிறார். முதலாமவர் வலி மாத்திரை எழுதி, ஓய்வெடுக்கச் சொன்னார். இரண்டாமவர் நரம்புக்கு மாத்திரையும் வேறொரு வலி மாத்திரையும் எழுதி, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூன்றாமவர் ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துவிட்டு, “டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, இன்றில்லாவிட்டாலும் ஒரு நாள் ஆபரேஷன்தான்” என்று சொல்லி இன்னொரு சீட்டு அனுப்பினார். அந்தச் சீட்டுக்கு மருந்துக்கடைக்காரர் மாத்திரை தர மறுத்துவிட்டார். “முகம் பார்க்காத வைத்தியம் ஏமாற்று வேலை” என்கிறார் கணவர்.

அவருடைய கேள்விகள் நான்கு. போனில் பார்க்கும் மருத்துவரின் வைத்தியம் செல்லுமா? ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா? இன்னும் எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்? மூன்று மாத ‘பேக்கேஜ்’ என்று மகன் முன்பணமாகக் கட்டிய 7,500 ரூபாய் திரும்பக் கிடைக்குமா?

கடிதத்தை முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, ஓரத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “இடது கால் செருப்பு அடிக்கடி கழன்று விழுந்துவிடுகிறது, பழைய செருப்பு, புதிது வாங்க வேண்டும்.”

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஓரத்து வரி. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான்.

நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் நாம் அறியாமலேயே பாதத்தை உயர்த்தி, பெருவிரலை விறைத்து, செருப்பைக் காலோடு பிடித்துக்கொள்கிறோம். அந்த வேலையைச் செய்யும் தசைகளுக்கு இடுப்பிலிருந்து ஒரு நரம்பு போகிறது. இடுப்பு முதுகெலும்பின் 4ஆவது, 5ஆவது எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கினால், பெரும்பாலும் நசுங்குவது அந்த நரம்புதான். நீங்கள் அனுப்பிய ஸ்கேன் அறிக்கையும் அந்த இடத்தைத்தான் சொல்கிறது. வலி வெளிப்புறமாக இறங்குவதும் பாதத்தின் மேற்புறம் மரப்பதும் அதோடு பொருந்துகின்றன. வலியும் மரப்பும் மட்டும் என்றால் சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கலாம். பாதத்தின் பலமே குறைகிறது என்றால் அது வேறு கணக்கு. செருப்பு கழல்வது அந்த வேறு கணக்கின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் செருப்பு கழன்றது தெரியாமல் போவதுண்டு. நீங்களும் நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். ஆனால் அந்த மரப்பு இரண்டு பாதங்களிலும் உள்ளங்காலிலிருந்து தொடங்கும். உங்களுக்கு இடது கால் மட்டும்தான், அதுவும் மேற்புறம்தான். அதனால் சர்க்கரை என்று சமாதானம் சொல்லி ஒதுக்கிவிட முடியவில்லை.

இன்று மாலை மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு காரியம் செய்யுங்கள். சுவரோரமாக நின்று, விரல்களைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, குதிகாலாலேயே பத்து அடி நடந்து பாருங்கள். இடது முன்பாதம் தானாகத் தாழ்ந்து தரையைத் தட்டுகிறதா என்று மகள் கவனிக்கட்டும். பிறகு கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு பெருவிரல்களையும் முகத்தை நோக்கி மடக்குங்கள். மகள் தன் விரலால் அவற்றைக் கீழே அழுத்தட்டும். வலது விரல் எதிர்த்து நிற்கும். இடது விரல் எளிதாகச் சரிந்தால், மறுநாள் காலையே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சரியாகவே இருந்தாலும் இந்த வாரத்துக்குள் நேரில் காட்டுங்கள். வீட்டில் செய்யும் இந்தச் சோதனை அவசரத்தை அளக்க மட்டும்தான் உதவும்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். மகன் எதிரே இருக்கும்போது உங்களால் சொல்ல முடியாமல் போயிருக்கக்கூடியது இது. சிறுநீர் வழக்கம்போல் பிரிகிறதா? முக்கினாலும் வராமல் நிற்கிறதா, அல்லது அறியாமல் கசிகிறதா? மலம் அடக்க முடியாமல் போகிறதா? கழுவும்போது பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றித் தண்ணீர் படுவது தெரிகிறதா? வலி இரண்டு கால்களிலும் இறங்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் 108 ஆம்புலன்ஸை அழைத்து, பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்கிற அரசு இராசாசி மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். இதில் தாமதித்தால் சிறுநீர் அடக்கும் சக்தி நிரந்தரமாகவே போய்விடலாம்.

மூன்று ஆலோசனைகளில் நீங்கள் எங்கே?

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. மூன்று மருத்துவர்களில் ஒருவரிடம்கூட நீங்கள் பேசவில்லை. முதல் அழைப்பு வந்தபோது நீங்கள் தோட்டத்தில் இருந்தீர்கள். இரண்டாவது, கோயம்புத்தூரில் மகனின் அறையில் நடந்த வீடியோ அழைப்பு. மூன்றாவதில் அறிக்கையின் படம் மட்டும் போனது, 4 நிமிடத்தில் பதில் வந்தது. மகனுக்கு உங்கள் மேல் இருக்கும் அக்கறையில் குறையே இல்லை. தூரத்திலிருக்கும் பிள்ளைக்குத் தெரிந்த வழியில் தாயைப் பார்த்துக்கொண்டார். ஆனால் அவருக்குச் செருப்பு கழல்வது தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்கள் இரத்த அழுத்தத்துக்கு வாங்கும் எனலாப்ரில் மாத்திரையும் தெரியாது. அதனால்தான் “வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?” என்ற கேள்விக்கு “எதுவும் இல்லை” என்று சொல்லியிருக்கிறார். மருத்துவர்களும் “அம்மாவிடம் போனைக் கொடுங்கள்” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காதது அவர்கள் பிழை.

உங்கள் கணவருக்கும் ஒரு பதில். தொலைமருத்துவம் ஏமாற்று வேலை என்பது சரியில்லை. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பதிவு பெற்ற அலோபதி மருத்துவர் வீடியோ, குரல், எழுத்து என எந்த வழியிலும் ஆலோசனை தரலாம். நோயாளி சார்பில் குடும்பத்தினர் பேசவும் அதில் இடம் உண்டு. அதே நெறிமுறைகள், நேரில் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது என்று தோன்றினால் மருத்துவர் நேரில் வரச் சொல்ல வேண்டும் என்றும் சொல்கின்றன. எந்தக் கட்டத்திலும் ஆலோசனையை நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கும் உண்டு.

முதுகு வலிக்கு இந்த வழி உண்மையிலேயே பொருந்தும் என்றுதான் சொல்வேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020ஆம் ஆண்டு 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. அதில் ஏறக்குறைய 90 விழுக்காடு, குறிப்பிட்ட ஒரு நோயையோ சேதத்தையோ காரணமாகக் காட்ட முடியாத சாதாரண வலி. அப்படிப்பட்டவர்களுக்கு வேண்டியவை நிதானமான விசாரிப்பு, தைரியம், உடற்பயிற்சி, மாத்திரையில் அளவு. இவை அனைத்தும் போன் வழியாகப் போய்ச் சேரும். நானும் வாரத்தில் இரண்டு மாலைகள் வீடியோவில் நோயாளிகளைப் பார்க்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவரிடம், “போனைத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு, கட்டிலிலிருந்து எழுந்து வாசல் வரை நடந்து காட்டுங்கள்” என்றேன். எழும்போது இரண்டு கைகளாலும் தொடையை அழுத்தி அழுத்தி ஏறினார். அவர் பத்து நிமிடம் விவரித்ததைவிட அந்த எழுந்திருத்தல் எனக்கு அதிகம் சொன்னது. ஆனால் உங்கள் பெருவிரல் எவ்வளவு பலத்தோடு எதிர்க்கிறது என்று என் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். முழங்காலில் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்திருக்கும்போது காலைத் தூக்கி, எந்தக் கோணத்தில் வலி மின்னுகிறது என்று கவனிக்க வேண்டும். இவற்றைத் திரை வழியாகச் செய்ய முடியாது. உங்களுக்கு இப்போது தேவைப்படுவதோ இந்தப் பகுதிதான்.

அந்த மாத்திரைகள்

நீங்கள் எழுதி அனுப்பிய பெயர்களைப் படித்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. முதல் சீட்டில் அசிக்ளோபினாக், இரண்டாவதில் எட்டோரிகாக்ஸிப். பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே வகை வலி மாத்திரைகள். “இரண்டு டாக்டரும் கொடுத்தது, இரண்டையும் சாப்பிட்டால்தான் கேட்கும்” என்று நினைத்து மூன்று வாரங்களாகச் சேர்த்தே சாப்பிட்டு வருகிறீர்கள். சேர்த்துச் சாப்பிடுவதால் வலி இரு மடங்கு குறையாது. வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் உள்ள ஆபத்துதான் கூடும். அதோடு எனலாப்ரிலும் சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது. இரத்த அழுத்தமும் ஏறலாம். சிறுநீரகம் தளர்ந்தால் சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்பார்மினின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எனவே இந்த இரண்டு வலி மாத்திரைகளையும் இன்றே நிறுத்துங்கள். நேரில் காட்டும் வரை வலி தாங்க முடியாவிட்டால், கல்லீரல் கோளாறு எதுவும் இல்லையென்றால், பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். மருத்துவரைப் பார்க்கும்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அதையும் சொல்லுங்கள்.

நரம்புக்கென்று கொடுத்த பிரிகாபலின் வேறு வகை. அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இரவு அதைச் சாப்பிட்டுவிட்டுக் காலை 4 மணிக்கு வரப்பில் நடக்கும்போது தலை சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது களைப்பு இல்லை, அந்த மாத்திரையின் பக்கவிளைவு. டிஸ்க் அழுத்தத்தால் வரும் கால் வலிக்கு அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அதிகம் உதவவில்லை என்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு ஒன்று 2017இல் காட்டியது. தொடரத்தான் வேண்டுமா என்று நேரில் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

மருந்துக்கடைக்காரர் உங்களை அவமதித்ததாக வருந்துகிறீர்கள். எனக்கு அவர் மேல் மரியாதைதான் வருகிறது. மூன்றாவது சீட்டில் டிரமடால் என்ற கடுமையான வலி மருந்து எழுதப்பட்டிருக்கிறது. 2018 முதல் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலிலுள்ள மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதவே கூடாது. அவர் மறுத்தது சரி, அந்த மருத்துவர் எழுதியதுதான் தவறு. மற்றபடி, போனில் வந்த சீட்டும் சட்டப்படி செல்லும். மருத்துவரின் பெயர், தகுதி, பதிவு எண், கையெழுத்து, தேதி, உங்கள் பெயர், வயது ஆகியவை அதில் இருக்க வேண்டும். மகன் பெயரில் சீட்டு வாங்கி நீங்கள் சாப்பிடக் கூடாது. பதிவு எண் இருந்தால், தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள மருத்துவர் பதிவேட்டில் மகன் சரிபார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்க் பிதுங்கினால் ஆபரேஷன்தானா?

இல்லை. ‘டிஸ்க் விலகிவிட்டது’ என்ற நம் ஊர் வழக்கே மனிதர்களை அச்சுறுத்துகிறது. கேட்கிறவருக்கு, சக்கரம் அச்சிலிருந்து கழன்றுவிட்டதுபோல் தோன்றுகிறது. டிஸ்க் எங்கும் விலகி ஓடுவதில்லை. இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் இறுகப் பிணைந்த மெத்தை அது. அதன் ஓரம் பிதுங்கி, அல்லது கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் நரம்பின் பக்கம் தள்ளுகிறது. நீவிவிட்டு உள்ளே தள்ள முடியும் என்று நம்பி மறுபடியும் சுளுக்கு வழிப்பவரிடம் போகாதீர்கள். காலில் பலம் குறைந்திருக்கும்போது முறுக்கி நெட்டி எடுப்பது ஆபத்து.

வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் வீங்கியிருந்தது. தலை நரைப்பதுபோல் டிஸ்க்கும் வயதோடு மாறுகிறது. எனவே ஸ்கேன் அறிக்கையை மட்டும் வைத்து ஆபரேஷன் என்று சொல்வது, ஜாதகத்தை மட்டும் பார்த்துப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதற்குச் சமம். படமும் காலும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

காலில் பலம் குறையாமல் வலி மட்டும் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. பிதுங்கிய கூழை உடம்பே கரைத்துவிடுவதும் உண்டு. நெதர்லாந்தில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரமே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி விரைவாக அடங்கியது. ஆனால் ஓர் ஆண்டு முடிவில், பொறுத்துப் பார்த்தவர்களும் அவர்களுக்குச் சமமாகவே தேறியிருந்தார்கள். பொறுத்தவர்களில் சிலருக்கு நடுவில் ஆபரேஷன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பொறுமை பாதத்தில் பலம் குறையாதவர்களுக்குத்தான். பலவீனம் அதிகமாக இருந்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் இருப்பதே நல்லது. நேரில் காட்டுங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான். உங்கள் நாத்தனார் ஆபரேஷனுக்குப் பிறகு படுத்த படுக்கையானார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு என்ன நோய், என்ன செய்தார்கள் என்பதை அறியாமல் அதை உங்கள் தலையெழுத்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிஸ்க்குக்கான இன்றைய அறுவைச் சிகிச்சை சிறிய கீறலில் முடிகிறது. பெரும்பாலோர் ஓரிரு நாளில் எழுந்து நடக்கிறார்கள். கிருமித்தொற்று, மீண்டும் பிதுங்குதல் போன்ற ஆபத்துகள் சிறிய அளவில் உண்டு. அவற்றை அறுவை மருத்துவரிடமே நேரடியாகக் கேளுங்கள்.

படுக்கையும் பூத்தோட்டமும்

எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். இனி ஒரு நாளும் வேண்டாம். தாங்க முடியாத வலியில் ஓரிரு நாள் படுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் இடுப்புத் தசைகள் தளர்ந்து வலி நீடிக்கத்தான் செய்யும். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம், பிறகு வாசலில் பத்து நிமிடம் என்று நடந்துகொண்டே இருங்கள். பாதம் தடுக்கும் என்பதால் மேடு பள்ளமான வரப்பு இப்போதைக்கு வேண்டாம். 1,200 ரூபாய்க்கு வாங்கிய இடுப்பு பெல்ட்டை நாள் முழுவதும் கட்டிக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட சாதாரண இடுப்பு வலிக்கு பெல்ட்டும், எடை கட்டி இழுப்பதும் பரிந்துரைக்கப்படவில்லை. உடற்பயிற்சிதான் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது.

மல்லிகை பறிப்பைப் பற்றி எந்த மருத்துவரும் உங்களிடம் கேட்கவில்லை. அதை நான் விடமாட்டேன். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சிச் சற்று உப்புகிறது. எழுந்து நடமாடத் தொடங்கியதும் வடிகிறது, அதில் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்தில். உப்பிய நிலையில் குனிந்தால் டிஸ்க்கின் மேல் விழும் அழுத்தம் அதிகம். எழுந்தபின் முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு வலி குறைந்ததாக 1998இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. உங்கள் தொழிலோ எழுந்ததும் குனிகிற தொழில். மொட்டு விரிவதற்குள் பறித்து, மாட்டுத்தாவணி பூச் சந்தைக்கு அனுப்பினால்தான் விலை. பொழுது விடிந்து நிதானமாகப் பறியுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மருத்துவர் பார்த்து அனுமதிக்கும் வரை பறிப்புக்குக் கூலியாள் வையுங்கள். அந்தக் கூலியை வைத்தியச் செலவாகவே நினையுங்கள். திரும்பிப் போகும்போது, அரை மணி நேரம் முன்னதாக எழுந்து அடுப்பு வேலையையும் நடக்கிற வேலையையும் முதலில் முடித்துவிட்டுத் தோட்டத்தில் இறங்குங்கள். இடுப்பை வளைத்து நிற்காமல், சாக்கை மடித்துப் போட்டு ஒரு முழங்காலை ஊன்றிப் பறியுங்கள். நான்கு செடிக்கு ஒரு முறை முழங்காலை மாற்றுங்கள். ஒவ்வொரு பாத்தி முடிந்ததும் எழுந்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் மெல்ல வளையுங்கள். காலில் வலி கூடினால் மட்டும் அதை விட்டுவிடுங்கள். மடியில் பூ சேரச் சேர முன்னால் இழுக்கும். பாதி நிறைந்ததுமே கூடையில் தட்டிவிடுங்கள். கவாத்து, களை, பாத்தி கட்டுவது போன்ற பொறுக்கும் வேலைகளை மாலைக்குத் தள்ளுங்கள்.

அடுத்த முறை போனில் பேசும்போது

நேரில் ஒரு முறை காட்டிவிட்ட பிறகு, தொடர் ஆலோசனைக்குப் போன் மிக உதவியாக இருக்கும். ஒவ்வொரு முறையும் பஸ் ஏறிப் பெரியார் நிலையத்தில் இறங்கி அலைய வேண்டியதில்லை. மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை 2020 ஏப்ரல் முதல் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேச வழி செய்கிறது, கட்டணம் இல்லை. சுகாதார நிலையத்தில் செவிலியர் பக்கத்தில் இருக்க, வேறிடத்து மருத்துவரோடு பேசும் ஏற்பாடும் அதில் உண்டு. பக்கத்தில் ஒரு செவிலியர் இருந்தால் இரத்த அழுத்தத்தையாவது அங்கேயே பார்த்துச் சொல்லிவிடுவார்.

நீங்களே பேசுங்கள். மகன் அழைப்பில் சேர்ந்துகொள்ளட்டும், ஆனால் வலியை விவரிப்பது உங்கள் வாயாக இருக்கட்டும். பேசுவதற்கு முன், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், சுகாதார நிலையத்தில் வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரு தட்டில் கொட்டி கேமராவுக்குக் காட்டுங்கள். வலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை விரலால் கோடு போட்டுக் காட்டுங்கள். நடந்து காட்டுங்கள். சாயங்காலக் காய்ச்சல், உடல் எடை குறைவது, படுத்தாலும் தணியாத இரவு வலி இருந்தால் கேட்காமலேயே சொல்லுங்கள். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இப்படித்தான் பதுங்கி வரும். மகளை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்ல வேண்டியது இருந்தால் அனுப்பிவிட்டே சொல்லுங்கள். ஒரே மருத்துவரிடம் தொடருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் பழைய சீட்டுகளைப் புதியவரிடம் மறைக்காமல் கொடுங்கள்.

7,500 ரூபாய்

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் இவ்வளவு தெரியும். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இப்படிப்பட்ட நிறுவனங்களுக்குக் குறைதீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மகன் போனில் சண்டை போடாமல், பயன்படுத்தாத ஆலோசனைகளுக்கான தொகையைத் திருப்பித் தருமாறு எழுத்தில் கேட்கட்டும். கட்டணத்துக்கு ரசீது தருவது மருத்துவரின் கடமை, அதையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேல் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. டிரமடால் எழுதிய சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கால் காத்திருக்காது. பெரியாஸ்பத்திரிக்கு வருவதென்றால் காலையிலேயே வந்து, எலும்பு முறிவுப் பிரிவிலோ நரம்பு அறுவைப் பிரிவிலோ காட்டுங்கள். திருமங்கலம் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டி, அங்கிருந்து கடிதம் வாங்கி வந்தாலும் சரி. ஸ்கேன் அறிக்கையோடு படங்களையும் கொண்டு வாருங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக வர வேண்டாம். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டுக் கணவரே கூட வரட்டும். அவர் கேட்ட முகம் பார்க்கும் வைத்தியம்தானே இது.

புதுச் செருப்பு இப்போது வாங்காதீர்கள். அந்தப் பழைய செருப்பையே, கழலாமல் ஒரு துணிநாடாவால் கணுக்காலோடு கட்டிக்கொண்டு வாருங்கள். உள்ளே போனதும் இரண்டையும் கழற்றிக் கவிழ்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். இடது செருப்பின் நுனி மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.